அத்தியாயம் 5: தப்பியது எந்த அளவு? ஒரு பாடத்தின் கற்றல் விளைவை அளக்கும் வழி

பெங்களூரு அடுகோடியின் பழைய ஆட்களுக்கு பாஷ் கம்பெனி இன்னும் மைக்கோதான். 2008-இல் பாஷ் என்று பெயர் மாறிவிட்டது. ஆனாலும் "மைக்கோல வேலை பார்த்தேன்" என்றுதான் சொல்வார்கள். டீசல் என்ஜினுக்கான எரிபொருள் பம்புகளைச் செய்த கம்பெனி. மயிரிழை பிசகினாலும் பாகம் உதவாது. அந்த மாதிரி வேலையில், கேஜில் வைத்துப் பார்த்து 'ரிஜெக்ட்' என்று ஒதுக்குவது பாதி வேலை. எந்த அளவு தப்பியது, எந்த மெஷினில் தப்பியது என்று கண்டுபிடித்துச் சரிசெய்வது மீதிப் பாதி.

நம் கல்லூரிகளில் முதல் பாதி வருடம் தவறாமல் நடக்கிறது. 40-க்கு 17 என்று மார்க் போட்டுவிடுகிறோம். மீதி 23 எங்கே போனது என்று கேட்பதில்லை. இந்த அத்தியாயம் அந்த 23-ஐப் பற்றியது.

ஒரு ஆசிரியர், ஒரு பாடம், ஒரு செமஸ்டர். இவ்வளவுதான் இங்கே எல்லை. துறை முழுவதற்கும் ஒரே நாளில் செய்யப் போனால் ஃபைல்தான் தடிக்கும்.

முதலில் தெரிந்திருக்க வேண்டியவை

இரண்டு சொற்கள் போதும். ஒரு பாடத்தை முடித்த மாணவர் என்ன செய்யத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பது பாட விளைவு. ஸ்டாஃப் ரூமில் இதன் பெயர் சி.ஓ. மூன்று வருடப் படிப்பை முடித்தவர் என்ன செய்யத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பது படிப்பு விளைவு; இது பி.ஓ. சி.ஓ. வகுப்பறையில் அளக்கப்படுகிறது. பி.ஓ. பல பாடங்களின் அளவுகளைச் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது.

இவற்றை எல்லாரும் கேட்பதற்குக் காரணம் உண்டு. கல்லூரிகளுக்குத் தரச் சான்று தரும் நாக், 1994-இல் தொடங்கப்பட்டது. அதன் தலைமையகம் நம் ஊரின் மறுகோடியில், நாகரபாவியில் இருக்கிறது. கற்பித்தல், மதிப்பீடு பற்றிய அதன் இரண்டாவது அளவுகோலில் கற்றல் விளைவுக்குத் தனி இடம் உண்டு. பொறியியல் படிப்புகளுக்குத் தரச் சான்று தரும் என்.பி.ஏ., 2014 ஜூனில் சர்வதேச வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானதிலிருந்து, விளைவை அளந்து காட்டுவது அங்கே கட்டாயமாகிவிட்டது.

நாக் முறையே மாறிக்கொண்டிருக்கிறது. தரவரிசை எழுத்துகளுக்குப் பதில், அங்கீகாரம் உண்டு அல்லது இல்லை என்று மட்டும் சொல்லும் முறைக்குப் போவதாக 2024-இல் அறிவித்தது. படிவம் எப்படி மாறினாலும் நீங்கள் செய்ய வேண்டிய வேலை மாறாது. அதனால் படிவத்தை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிடுங்கள்.

உங்கள் கல்லூரி எந்த வகை?

தொடங்கும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். என்ன செய்ய முடியும் என்பது இதைப் பொறுத்தது.

1. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் அல்லது தன்னாட்சிக் கல்லூரி: சிலபஸ், சி.ஓ., கேள்வித்தாள் எல்லாம் உங்கள் கையில். அடுகோடிக்குப் பக்கத்தில் ஓசூர் ரோட்டில் உள்ள கிறைஸ்ட் இதற்கு உதாரணம்: 1969-இல் கல்லூரியாகத் தொடங்கி, 2008-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது.

2. பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி: பெங்களூரு பல்கலைக்கழகம் 2017-இல் மூன்றாகப் பிரிந்தது. அவற்றில் எதோடு இணைந்திருந்தாலும், சிலபஸில் அச்சடித்த சி.ஓ.-வை நீங்கள் மாற்ற முடியாது. ஆனால் அதைச் சின்னச் சின்னச் செயல்களாகப் பிரித்துக்கொள்ளலாம். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

கர்நாடகத்தில் 2021-22-இல் வந்த நான்கு வருடப் பட்டப்படிப்பு முறை 2024-25-இல் திரும்ப மூன்று வருடமானது. ஒரே துறையில் இரண்டு சிலபஸ் ஓடிய வருடங்களின் அளவுகளை ஒப்பிடும்போது, எந்த சிலபஸ் என்பதை ஷீட்டின் தலைப்பிலேயே எழுதிவையுங்கள்.

படி 1: கண்ணால் பார்க்கக்கூடிய வினையாக எழுதுங்கள்

"மாணவர்கள் வங்கிச் சரிக்கட்டும் பட்டியலைப் பற்றி அறிவர்." பி.காம். முதல் வருடச் சிலபஸ்களில் இந்த மாதிரி வாக்கியம் சாதாரணம். 'அறிவர்', 'புரிந்துகொள்வர்', 'பாராட்டுவர்' என்பவற்றை விடைத்தாளில் எங்கே தேடுவது?

இப்படி மாற்றுங்கள்: "ரொக்க ஏட்டையும் வங்கிச் செல்லேட்டையும் கொடுத்தால், இரண்டின் இருப்பும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடித்து, சரிக்கட்டும் பட்டியல் தயாரிப்பார்."

கண்டுபிடித்தல், தயாரித்தல் இரண்டுமே தாளில் தெரியும் செயல்கள். என்ன வினை போடுவது என்று தடுமாறினால் புளூமின் வகைப்பாட்டைப் பாருங்கள். 1956-இல் வந்தது, 2001-இல் திருத்தப்பட்டது. நினைவுகூர்தலில் தொடங்கிப் படைத்தலில் முடியும் ஆறு நிலைகள் கொண்டது. ஆறையும் ஒரே பாடத்தில் திணிக்க வேண்டாம்.

குறிப்பு: ஒரு பாடத்துக்கு நான்கு முதல் ஆறு சி.ஓ. போதும். முதல் தடவை அளப்பவர் அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: வருடாவருடம் மாணவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்று உங்களுக்குச் சந்தேகம் இருக்கிறதோ, அந்த ஒன்றை.

படி 2: இலக்கைத் தேர்வுக்கு முன்பே எழுதி வையுங்கள்

இரண்டு எண்கள் தேவை.

1. ஒரு மாணவர் 'எட்டிவிட்டார்' என்று சொல்லக் குறைந்தபட்சம் எத்தனை சதவீதம் மார்க்? 60 என்று வைத்துக்கொள்வோம்.
2. வகுப்பில் எத்தனை பேர் எட்டினால் திருப்தி? 70 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

இவற்றைத் தேதி போட்டு எழுதித் துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மார்க் வந்த பிறகு இலக்கை எழுதினால் கை தானாகவே கீழே இறங்கும். நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில், முன்பு ஒரு வருடம், எல்லாப் பாடத்துக்கும் உயர்ந்தபட்ச அடைவு நிலையான 3 வந்திருந்தது. ஒரே வாரத்தில் ஃபைல் முடிந்ததில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. பாஸ் மார்க்கையே இலக்காக வைத்திருந்தோம் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். பாஸானவர்கள் எல்லாரும் பாஸாகியிருக்கிறார்கள் என்று நாற்பது பக்கத்தில் நிரூபித்திருந்தோம்.

படி 3: கேள்வியைப் பிரியுங்கள்

பத்து மார்க் கேள்விக்கு மொத்தமாக ஆறு போட்டால் அந்த ஆறு எதையும் சொல்லாது. நம் சி.ஓ.-வுக்கான கேள்வியை இப்படிப் பிரிக்கலாம்:

அ) இருப்பு வேறுபடுவதற்கான காரணங்களைக் கண்டுபிடித்தல்: 3 மார்க்
ஆ) ஒவ்வொன்றையும் கூட்டுவதா கழிப்பதா என்று முடிவெடுத்தல்: 4 மார்க்
இ) பட்டியலை உரிய வடிவத்தில் எழுதி இருப்பைக் காட்டுதல்: 3 மார்க்

மாணவருக்குக் கொடுக்கும் கேள்வித்தாளில் இந்தப் பிரிவு தெரிய வேண்டும் என்பதில்லை. உங்கள் திருத்தும் குறிப்பில் இருந்தால் போதும்.

எச்சரிக்கை: இணைந்த கல்லூரியில் இதை இன்டர்னல் டெஸ்டிலோ அசைன்மென்ட்டிலோதான் செய்ய முடியும். பல்கலைக்கழகத் தேர்வின் விடைத்தாள் உங்கள் கைக்கு வராது. மொத்த மார்க் மட்டும் வரும். அந்த மொத்தத்தை ஐந்து சி.ஓ.-வுக்கும் சமமாகப் பங்குபோட்டு எழுதுவது பரவலான வழக்கம். எல்லா சி.ஓ.-வுக்கும் ஒரே எண் வரும், பலவீனம் எங்கே என்பது மறைந்துபோகும். பங்குபோட்டே ஆக வேண்டும் என்று கல்லூரி சொன்னால் போடுங்கள். ஆனால் உங்கள் முடிவை இன்டர்னலின் உட்பிரிவு மார்க்கிலிருந்து எடுங்கள்.

படி 4: ரூப்ரிக் ஒன்று, அரைப் பக்கத்தில்

ஒவ்வொரு உட்பிரிவிலும் முழு மார்க் எதற்கு, பாதி எதற்கு, பூஜ்யம் எதற்கு என்று மூன்று நான்கு வரி எழுதுங்கள். 'ஆ'வுக்கு மாதிரி:

- 4: எல்லா உருப்படியிலும் திசை சரி
- 3: ஒன்று தவிர மற்றவை சரி
- 2: சுமார் பாதி சரி
- 0: எல்லாமே தலைகீழ், அல்லது எழுதவில்லை

எழுதியதும் ஐந்து விடைத்தாளை இன்னொரு ஆசிரியரிடம் கொடுத்துத் தனியாகத் திருத்தச் சொல்லுங்கள். இருவர் மார்க்கும் ஒன்றுக்கு மேல் வேறுபட்டால் தவறு மாணவரிடமோ உங்களிடமோ இல்லை. ரூப்ரிக்கின் வாசகத்தில் இருக்கிறது. அதைத் திருத்திய பிறகு மீதித் தாளைத் தொடுங்கள்.

படி 5: திருத்தும்போதே பதியுங்கள்

எக்செல் ஷீட்டில் வரிசைக்கு ஒரு மாணவர், உட்பிரிவுக்கு ஒரு பத்தி. பெயர் வேண்டாம், பதிவு எண்ணின் கடைசி மூன்று இலக்கம் போதும். "முதலில் திருத்திவிடுவோம், அப்புறம் பதிவோம்" என்று தள்ளிப்போட்டால் விடைத்தாள் கட்டை இரண்டாம் தடவை பிரிக்க வேண்டிவரும். யாரும் பிரிப்பதில்லை.

இரண்டு சின்ன விஷயங்கள் கணக்கையே கெடுக்கும்:

- டெஸ்ட் எழுத வராதவரின் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். 0 போட்டால் அவர் 'எட்டாதவர்' ஆகிவிடுவார்.
- எழுத வந்தும் அந்தக் கேள்வியைத் தொடாதவருக்கு 0 போடுங்கள். ஆனால் சாய்ஸில் விட்டிருந்தால் வெறுமை. அளக்க நினைக்கும் கேள்விக்கு சாய்ஸ் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

படி 6: எண்ணுங்கள்

சூத்திரம் ஒன்றுதான்: எட்டியவர்கள் எண்ணிக்கையை எழுதியவர்கள் எண்ணிக்கையால் வகுத்து நூறால் பெருக்குவது. எக்செல்லில் கவுண்ட்இஃப் போதும்.

48 பேர் எழுதிய ஒரு மாதிரி வகுப்பை எடுத்துக்கொள்வோம்:

- அ (3-க்கு 2 அல்லது மேல்): 40 பேர், 83 சதவீதம்
- ஆ (4-க்கு 3 அல்லது மேல்): 19 பேர், 40 சதவீதம்
- இ (3-க்கு 2 அல்லது மேல்): 42 பேர், 88 சதவீதம்
- மொத்தம் (10-க்கு 6 அல்லது மேல்): 34 பேர், 71 சதவீதம்

மொத்தத்தை மட்டும் பார்த்தால் 70 என்ற இலக்கைத் தாண்டியாயிற்று. ஃபைலை மூடிவிடலாம். ஆனால் 'ஆ' வரிசையைப் பாருங்கள். கூட்டுவதா கழிப்பதா என்பதுதான் இந்தப் பாடத்தின் உயிர். அது தெரியாதவர்கள் வகுப்பில் பாதிக்கு மேல். அ-வில் 3, இ-யில் 3, ஆ-வில் பூஜ்யம் வாங்கியவரும் ஆறு மார்க்கோடு 'எட்டியவர்' கணக்கில் நிற்கிறார்.

60 சதவீதம் பேர் எட்டினால் நிலை 1, 70-க்கு 2, 80-க்கு 3 என்று பல கல்லூரிகள் வைத்திருக்கின்றன. கேட்டால் அப்படி மாற்றிக் கொடுங்கள். உங்கள் கைப்பிரதியில் மட்டும் அசல் சதவீதம் இருக்கட்டும். 71-ம் 79-ம் 'நிலை 2' என்ற ஒரே போர்வைக்குள் போய்விடும். அடுத்த வருட முன்னேற்றம் தெரியாது.

படி 7: எக்செல்லை மூடிவிட்டு இருபது தாளை வாசியுங்கள்

பலர் தாண்டிப் போய்விடும் படி இது. முழு வேலையிலும் பலன் அதிகம் தருவதும் இதுதான்.

1. ஆ-வில் தவறியவர்களின் தாளிலிருந்து இருபதை எடுங்கள்.
2. என்ன தவறு என்று ஒவ்வொன்றிலும் ஒரு வரி எழுதுங்கள்.
3. ஒரே மாதிரித் தவறுகளை ஒன்றாக அடுக்குங்கள்.

நம் மாதிரி வகுப்பில் மூன்று அடுக்கு விழுகிறது. 14 தாள்கள்: கேள்வி செல்லேட்டு இருப்பில் தொடங்குகிறது, மாணவர்கள் ரொக்க ஏட்டு இருப்பில் தொடங்கும் வடிவத்தை மனப்பாடமாக எழுதியிருக்கிறார்கள். அதனால் எல்லாம் தலைகீழ். 4 தாள்கள்: வங்கிக் கட்டணத்தில் மட்டும் குழப்பம். 2 தாள்கள்: எழுதவே இல்லை.

4. முதல் அடுக்கிலிருந்து ஐந்து பேரைக் கூப்பிட்டு வாயால் சொல்லச் சொல்லுங்கள். நம் பகுதி வகுப்புகளில் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது பேசுகிறவர்கள் கலந்து உட்கார்ந்திருப்பார்கள். கன்னட வழியில் பி.யு.சி. முடித்து, முதல் தடவையாக ஆங்கிலத்தில் தேர்வெழுதுகிறவர்களும் இருப்பார்கள். பாடம் புரியாமல் தவறியதா, கேள்வியின் ஆங்கிலம் புரியாமல் தவறியதா என்பது தாளில் தெரியாது. அவரவர் மொழியில் கேட்டால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அப்படிக் கேட்டபோது ஒரு மாணவி சொன்ன பதிலை நான் மறக்கவில்லை. "செக் கொடுத்தா அன்னிக்கே பணம் போயிடாதாம்மா?" என்று கேட்டேன். "போயிடும்ல சார்?" என்றாள். கூகுள் பே, போன் பேயில் வளர்ந்த பிள்ளை. கையில் செக் புத்தகத்தைத் தொட்டதில்லை. எழுதிக் கொடுத்த செக் வங்கிக்குப் போய்ப் பணமாக நாளாகலாம் என்பது தெரியாவிட்டால், 'இன்னும் செலுத்தப்படாத காசோலை' என்ற வரியே அவளுக்கு வெறும் சத்தம். மனப்பாடம் செய்வதைத் தவிர அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. இதை எந்த சதவீதமும் எனக்குச் சொல்லியிருக்காது.

படி 8: ஒன்றே ஒன்றை மாற்றுங்கள், மறுபடி அளந்து பாருங்கள்

"ரெமிடியல் வகுப்பு நடத்தப்பட்டது" என்று எழுதுவது மாற்றம் ஆகாது. எதை, எப்போது, எப்படி மாற்றுவீர்கள் என்று எழுதுங்கள். உதாரணத்துக்கு:

- வடிவத்தைச் சொல்லித்தரும் முன், பழைய செக் புத்தகத்தின் அடிக்கட்டையையும், கணக்கு எண் மறைத்த வங்கி ஸ்டேட்மென்ட் ஒன்றையும் வகுப்பில் சுற்றவிட்டுத் தேதிகளை ஒப்பிடச் சொல்லுதல்.
- பயிற்சிக் கணக்குகளில் பாதி ரொக்க ஏட்டிலும் பாதி செல்லேட்டிலும் தொடங்குமாறு கலந்து கொடுத்தல்.

இரண்டும் ஒரே குறையைத் தீர்க்க வந்தவை. அதனால் சேர்த்துச் செய்யலாம். ஐந்தாறு மாற்றத்தை ஒன்றாகச் செய்தால் எது பலித்தது என்று தெரியாது. அடுத்த வருடம் அதே கடினத்தில் வேறு கேள்வி, அதே ரூப்ரிக், அதே இலக்கு.

படி 9: பி.ஓ.-வோடு சேர்த்தல்

இது துறைக் கூட்டத்தில் செய்யும் வேலை. ஒவ்வொரு சி.ஓ.-வும் எந்த பி.ஓ.-வுக்கு எவ்வளவு உதவுகிறது என்று 1, 2, 3 போட்டுப் பொருத்துவார்கள். கட்டம் காலியாக இருந்தால் குறை என்று நினைத்து எல்லாவற்றிலும் 3 போடாதீர்கள். வங்கிச் சரிக்கட்டும் பட்டியலுக்கும் 'சுற்றுச்சூழல் உணர்வு'க்கும் தொடர்பில்லை என்றால் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். 3 போட்டால் ஏன் என்று ஒரு வரியில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

மாணவர் கருத்துப் படிவம் மறைமுக அளவு. நேரடி அளவுக்கு 80, இதற்கு 20 என்று எடை போடுவது வழக்கம். படிவம் நிரப்பும் நாளில் எல்லாருக்கும் எல்லாம் புரிந்திருக்கும். அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

வழக்கமாக நடக்கும் தவறுகள்

1. நாக் குழு வரும் மாதத்தில் மூன்று வருட ஷீட்டையும் உட்கார்ந்து தயாரிப்பது. மூன்று வருடத்துக்கும் ஒரே கையெழுத்து, ஒரே மை. அனுபவமுள்ளவர் பார்த்ததும் கண்டுபிடிப்பார்.
2. பாஸ் சதவீதத்தையே அடைவு என்று எழுதுவது.
3. கேள்வித்தாள் தயாரான பிறகு பக்கத்தில் 'சி.ஓ. 3' என்று குறிப்பது. சி.ஓ.-விலிருந்துதான் கேள்வி பிறக்க வேண்டும்.
4. இலக்கை எட்டாத பாடத்தைக் காட்ட வெட்கப்படுவது. எட்டாத ஒன்றும், அதற்குச் செய்த மாற்றமும் இருந்தால்தான் ஃபைலில் உயிர் இருக்கும்.

பாதுகாப்பு: இவற்றில் விளையாட வேண்டாம்

- மாணவர் பெயரோடு உள்ள ஷீட்டை வாட்ஸாப் குரூப்பில் போடாதீர்கள். தனிநபர் தரவுக்கு 2023-இலேயே மத்தியச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் அது முறையில்லை.
- மாதிரி விடைத்தாளைக் கூட்டத்தில் காட்டுவதானால் பெயரையும் பதிவு எண்ணையும் மறைத்துப் பிரதி எடுங்கள். மாணவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.
- ஏ செக்‌ஷன், பி செக்‌ஷன் அளவுகளை ஆசிரியர் பெயர் போட்டு ஒப்பிட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்ட விடாதீர்கள். ஒரு தடவை ஒட்டினால் போதும், அதற்குப் பிறகு எல்லாருக்கும் 3-தான் வரும்.
- இந்த அளவைச் சம்பள உயர்வோடு இணைக்கிறார்கள் என்று தெரிந்தால் துறைக் கூட்டத்தில் எதிர்த்துப் பேசி மினிட்ஸில் ஏற்றுங்கள்.
- மார்க் பதிந்த பிறகு திருத்தம் வந்தால் பழைய எண்ணை அழிக்காதீர்கள். பக்கத்தில் புதிய எண், தேதி, காரணம்.

16 வார நாட்காட்டி

- வாரம் 1: சி.ஓ. ஒன்றைத் தேர்ந்தெடுத்து வினையைத் திருத்துதல். இலக்கு எழுதிக் கையெழுத்து
- வாரம் 2-6: பாடம் நடத்துதல், கேள்வியும் ரூப்ரிக்கும் தயாரித்தல்
- வாரம் 7: சக ஆசிரியரோடு ஐந்து தாள் சோதனை (முந்தைய வருடத் தாள் இருந்தால் இப்போதே)
- வாரம் 8: இன்டர்னல் டெஸ்ட்
- வாரம் 9: திருத்துதல், பதிதல், எண்ணுதல்
- வாரம் 10: இருபது தாள் வாசிப்பு, ஐந்து மாணவரோடு பேச்சு
- வாரம் 11-14: இதே வகுப்புக்கு முடிந்த திருத்தம், சின்ன மறு டெஸ்ட்
- வாரம் 15-16: ஒரு பக்கக் குறிப்பு

அந்த ஒரு பக்கம்

செமஸ்டர் முடிவில் உங்களிடம் இருக்க வேண்டியது ஒரே ஒரு பக்கம். இரண்டாம் வருடம் முடிந்ததும் அது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

*சி.ஓ.: சரிக்கட்டும் பட்டியல் தயாரித்தல். இலக்கு: 70 சதவீதம்.*
*முதல் வருடம், கூட்டல்-கழித்தல் பகுதி: 48-இல் 19, 40 சதவீதம்.*
*கண்டது: மனப்பாட வடிவம், செக் பணமாக நாளாகலாம் என்பது தெரியவில்லை.*
*செய்தது: செக் அடிக்கட்டை, ஸ்டேட்மென்ட், இருவகைத் தொடக்கமும் கலந்த பயிற்சி.*
*இரண்டாம் வருடம், அதே பகுதி: 50-இல் 31, 62 சதவீதம். எட்டவில்லை.*
*அடுத்து: வங்கிக் கட்டணம், வட்டி. இவற்றில்தான் இப்போது தவறுகள்.*

'எட்டவில்லை' என்ற சொல்லை அடிக்காமல் அப்படியே விடுங்கள். எந்த அளவு தப்பியது, எங்கே தப்பியது, இனி எதைத் தொட வேண்டும் என்று அந்தப் பக்கம் சொல்கிறது. மைக்கோவில் கேஜ் பிடித்த கைக்கு இந்தத் தாளைக் கொடுத்தால், அக்கவுண்டன்ஸி தெரியாவிட்டாலும் படித்துப் புரிந்துகொள்ளும்.